பின்பால் மெஷினை உடைத்தவர், 5 சென்ட் கட்டணத்தைக் காத்தவர்: யார் இந்த மேயர் லா கார்டியா?

நியூயார்க்குக்கு விமான டிக்கெட் எடுத்தவர்கள் லா கார்டியா என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள பெரிய விமான நிலையங்களில் ஒன்றின் பெயர் அது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒருமுறை விமானத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதை இருக்கிறது.

1934 நவம்பர். விமானம் தரையிறங்கியது பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் நியூவார்க் நகரில். அப்போது நியூயார்க் போகிற எல்லோரும் அங்கேதான் இறங்கணும். ஆனால் இவர் டிக்கெட்டைக் காட்டினார். அதில் நியூயார்க் என்றுதான் போட்டிருந்தது. போட்டிருக்கிற ஊரில் கொண்டுபோய் விடச் சொல்லி இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் விமானம் மறுபடி கிளம்பி, புரூக்ளினில் இருந்த ஃப்ளாய்ட் பென்னட் ஃபீல்டில் அவரை இறக்கிவிட்டது. அடுத்த 5 ஆண்டுகளில், 1939 அக்டோபரில், நகருக்குள்ளேயே புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்குத்தான் இப்போது அவர் பெயர்.

ஃபியோரெல்லோ லா கார்டியா. 1934 முதல் 1945 வரை 12 வருடம் நியூயார்க் மேயர். உயரம் சுமார் 5 அடி 2 அங்குலம். அமெரிக்காவின் சிறந்த மேயர் யார் என்று எப்போது பட்டியல் போட்டாலும் முதல் வரிசையில் வருகிற பெயர். ஏழைகளின் மேயர், ஊழலை ஒழித்த மேயர் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தெருவில் யார் வண்டி போடலாம், எந்த தியேட்டர் திறந்திருக்கலாம், மிட்டாய்க்கடையில் எந்த விளையாட்டு மெஷின் இருக்கலாம் என்பதையும் இவரே முடிவு செய்தார். அதற்கு அவர் கையில் இருந்த ஆயுதம் ரொம்பச் சாதாரணமானது: லைசென்ஸ்.

குரங்கும் இசைப்பெட்டியும்

1882 டிசம்பர் 11 அன்று மன்ஹாட்டனின் கிரீன்விச் வில்லேஜில் பிறந்தார். அப்பா அக்கிலே, தெற்கு இத்தாலியிலிருந்து வந்த இசைக்கலைஞர். அம்மா ஐரீன், அட்ரியாட்டிக் கடலோர நகரமான ட்ரியெஸ்டேவைச் சேர்ந்த யூதப் பெண். அப்பா அமெரிக்க ராணுவத்தில் பேண்டு மாஸ்டர் ஆனதால் குடும்பம் ராணுவ முகாம்களுக்கு மாறிக்கொண்டே இருந்தது. சிறுவன் ஃபியோரெல்லோ வளர்ந்தது பெரும்பாலும் அரிசோனாவின் பிரெஸ்காட் ஊரில்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கையால் சுழற்றுகிற இசைப்பெட்டியோடும் குரங்கோடும் ஓர் இத்தாலியர் தெருவில் வந்தார். அதைப் பார்த்த மற்ற பையன்கள், நீயும் அந்த ஆள் இனம்தானே, உன் குரங்கு எங்கே என்ற மாதிரி இவனைக் கேலி செய்தார்கள். அதுவும் போதாதென்று அப்பா வெளியே வந்து, அதே இசைப்பெட்டிக்காரரிடம் இத்தாலிய மொழியில் பேசி, வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டார். அப்பாவுக்கு அது தாய்மொழிக்காரரைப் பார்த்த சந்தோஷம். பையனுக்கு அவமானம். 40 வருடம் கழித்து இந்தக் கதை நியூயார்க் தெருவில் தொடரும்.

1898 ஸ்பெயின் போரின்போது ராணுவத்துக்கு ஒப்பந்தக்காரர்கள் கெட்டுப்போன இறைச்சியை சப்ளை செய்தார்கள். அதைச் சாப்பிட்டுத்தான் அப்பாவின் உடம்பு கெட்டது என்று மகன் நம்பினார். அப்பா 1904-ல் இறந்தார். அரசு ஒப்பந்தத்தில் காசு அடிப்பவர்கள் மீது வாழ்நாள் முழுக்க அவருக்கு இருந்த கோபம் இங்கே தொடங்கியது.

பிறகு ஐரோப்பாவில் அமெரிக்கத் தூதரக அலுவலகங்களில் வேலை. ஃபியூமே துறைமுகத்தில் இருந்தபோது, குடியேறப் போகிறவர்களைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை நடத்தணும் என்று பிடிவாதம் பிடித்தார். கடல் தாண்டிப் போய், நோய் என்று திருப்பி அனுப்பப்படுகிற குடும்பங்களின் கதி அப்படி இருந்தது. 1906-ல் நியூயார்க் திரும்பினார். பகலில் எல்லிஸ் தீவில் குடியேறிகளுக்கு மொழிபெயர்ப்பாளர், இரவில் சட்டப் படிப்பு. இத்தாலியன், ஜெர்மன், குரோஷியன், இத்திஷ் என்று அவருக்குத் தெரிந்த மொழிகள் பின்னால் ஓட்டு கேட்கும்போதும் உதவின.

1916 தேர்தலில் வென்று காங்கிரஸ் உறுப்பினர். முதல் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து இத்தாலிக்குப் போனார். 1921 அவருக்குக் கொடூரமான வருடம். மே மாதம் கைக்குழந்தையாக இருந்த மகள், நவம்பரில் மனைவி தேயா, இருவரையும் காசநோய் கொண்டுபோனது. காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகள் பற்றி அவர் பேசும்போது அது வெறும் அரசியலாக மட்டும் இருக்கவில்லை.

அடுத்த பத்தாண்டும் காங்கிரஸில்தான். அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு இருந்த காலம். அது நடைமுறைக்கு ஒத்துவராத சட்டம் என்று காட்ட, 1926-ல் நிருபர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடையில் சட்டப்படி கிடைக்கிற இரண்டு பானங்களைக் கலந்து பீர் தயாரித்துக் காட்டினார். மக்கள் விரும்பிச் செய்கிற ஒன்றைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது என்பது அன்றைய அவரது வாதம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேயர் ஆன பிறகு அவருக்கே இது மறந்துபோகிறது.

கூனைப்பூ மாதிரி ஒரு காய்க்குத் தடை

அந்த நாள் நியூயார்க் டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் பிடியில் இருந்தது. வேலை வேணுமா, கான்ட்ராக்ட் வேணுமா, லைசென்ஸ் வேணுமா, வார்டுக்காரரைப் பார்க்கணும். 1929-ல் மேயர் ஜிம்மி வாக்கரிடம் லா கார்டியா படுதோல்வி அடைந்தார். ஆனால் நீதிபதி சீபரி தலைமையிலான விசாரணையில் ஊழல்கள் வெளிவர, 1932 செப்டம்பரில் வாக்கர் ராஜினாமா செய்தார். 1933 தேர்தலில் டாமனிக்கு எதிரான கூட்டணியின் வேட்பாளராக லா கார்டியா ஜெயித்தார். 1934 ஜனவரி 1-ம் தேதி பதவியேற்றபோது நகரம் கிட்டத்தட்ட திவால்.

முதல் குறி ஸ்லாட் மெஷின்கள். ஃபிராங்க் காஸ்டெல்லோ என்ற மாஃபியா புள்ளியின் மெஷின்கள் நகரம் முழுக்க இருந்தன. காசு போட்டால் மிட்டாயும் வரும் என்பதால் அது சூதாட்டம் இல்லை, வியாபாரம் என்று நீதிமன்றத் தடையும் வாங்கி வைத்திருந்தார்கள். லா கார்டியா பழைய சாசனத்தைப் புரட்டி, மேயர் மாஜிஸ்திரேட்டாகவும் உட்காரலாம் என்ற பிரிவைக் கண்டுபிடித்து, ஒரு ஸ்லாட் மெஷின் வழக்கைத் தானே விசாரித்தார். பிறகு பிடிபட்ட மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்து, படகிலிருந்து தண்ணீரில் தள்ளினார். கேமராக்கள் முன்னால்தான். காஸ்டெல்லோ மிச்ச மெஷின்களைத் தூக்கிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போய்விட்டார்.

அடுத்தது ஆர்ட்டிசோக். பார்ப்பதற்குப் பச்சை நிறத் தாமரை மொட்டு மாதிரி இருக்கும், இத்தாலியர் சமையலில் தவிர்க்க முடியாத காய். கலிஃபோர்னியாவிலிருந்து வருகிற சின்ன ஆர்ட்டிசோக் மொத்தத்தையும் சிரோ டெரனோவா என்பவரின் கும்பல் வளைத்துப் போட்டு, மிரட்டி, இஷ்டத்துக்கு விலை வைத்தது. 1935 டிசம்பர் 21, உறைய வைக்கும் குளிரில், விடிவதற்கு முன் பிராங்ஸ் மார்க்கெட்டுக்கு மேயர் வந்தார். வண்டியின் மேல் ஏறி நின்றார். எக்காளம் ஊத ஆள் வைத்திருந்தார். ராஜா காலத்து அறிவிப்பு மாதிரி, நகரச் சந்தைகளில் சின்ன ஆர்ட்டிசோக் விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று படித்தார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கணக்கு தெளிவு. விற்க முடியாத சரக்கைக் கும்பல் எத்தனை நாள் குளிரில் வைத்திருக்கும்? சந்தையில் கடை போட நகரத்தின் அனுமதி வேணும், கும்பலோடு சேர்ந்தால் அது போய்விடும். சில நாட்களிலேயே டெரனோவாவின் பிடி தளர்ந்தது, விலை இறங்கியது, மேயரும் தடையை எடுத்துவிட்டார். தனக்கே ஆர்ட்டிசோக் ரொம்பப் பிடிக்கும் என்றும் ஒத்துக்கொண்டார்.

அதே வாரத்திலேயே இன்னொரு முடிவும் தயாராக இருந்தது. 1936 ஜனவரி 1 முதல் இசைப்பெட்டிக்காரர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. போக்குவரத்துக்கு இடைஞ்சல், அது ஒருவகைப் பிச்சை, இப்போதுதான் ரேடியோவும் இலவசக் கச்சேரியும் வந்துவிட்டதே என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பிரெஸ்காட் தெருவில் பட்ட அவமானமும் ஒரு காரணம் என்பதை அவரும் மறைக்கவில்லை. பெரும்பாலும் வயதான இத்தாலியர்கள், வேறு தொழில் தெரியாதவர்கள். மாஃபியாவின் மெஷினும் கிழவரின் இசைப்பெட்டியும் ஒரே சம்மட்டிக்குப் போனது இப்படித்தான்.

தள்ளுவண்டிகளும் தப்பவில்லை. தெருவை அடைத்துக்கொண்டிருந்த வண்டிக்காரர்களைக் கூரை போட்ட சந்தைக் கட்டடங்களுக்குள் அனுப்பினார். ஹார்லெமின் பார்க் அவென்யூ சந்தை 1936-ல் வந்தது, எசெக்ஸ் தெருச் சந்தை 1940-ல். உள்ளே இடம் கிடைத்தவர்களுக்குத் தண்ணீர், வெளிச்சம், வெள்ளைக் கோட்டு, வியாபாரி என்ற மரியாதை எல்லாம் கிடைத்தது. ஆனால் வாடகை உண்டு, இடமும் கொஞ்சம்தான். நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த வண்டிகளில் பெரும்பகுதி அவர் ஆட்சி முடிவதற்குள் காணாமல் போனது.

கரன்ட் பில்லும் ஐந்து சென்ட்டும்

நகர சபை கையில் கரன்ட் விலை இல்லை. வீட்டுக்கு யூனிட் என்ன விலை என்பதை மாநில அரசின் ஆணையம்தான் முடிவு செய்யும். மின்சாரமும் கேஸும் தனியார் நிறுவனக் கூட்டத்திடம் இருந்தன. 1936-ல் கன்சாலிடேட்டட் எடிசன் என்று பெயர் மாறியது அந்தக் கூட்டம்தான். அப்படியானால் மேயர் என்ன செய்ய முடியும்?

லா கார்டியா இரண்டு விஷயங்களைப் பிடித்தார். ஒன்று, தெருவிளக்கு, பள்ளி, மருத்துவமனை என்று பார்த்தால் நகரமே மிகப்பெரிய வாடிக்கையாளர். அந்த பில் அநியாயம் என்று சொல்லி, நிறுவனங்கள் கொடுத்த விலையை ஏற்க மறுத்தார். இரண்டு, நகரமே சொந்தமாக மின்நிலையம் கட்டும் என்று அறிவித்தார். அசல் செலவு எவ்வளவு என்று அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேணும் என்பது யோசனை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் பொதுத் திட்டங்களுக்குப் பணம் கிடைக்கும் நிலை இருந்ததால் நிறுவனங்களால் இதை வெறும் மிரட்டல் என்று ஒதுக்க முடியவில்லை. நகரத்துக்கான விலையைக் குறைத்துக்கொண்டு சமரசத்துக்கு வந்தன. அந்த மின்நிலையம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. கட்டாத நிலையத்தை வைத்தே காரியம் முடிந்தது என்றும் சொல்லலாம், நிறுவனங்கள் தப்பித்துக்கொண்டன என்றும் சொல்லலாம்.

ரயில் கட்டணம் வேறு கதை. 1904-ல் சப்வே திறந்த நாளிலிருந்து டிக்கெட் 5 சென்ட். எத்தனை தூரம் போனாலும் ஒரே நிக்கல் நாணயம். விலைவாசி எல்லாம் ஏறியும் இதைத் தொட எந்த மேயருக்கும் தைரியம் வரவில்லை. தனியார் ரயில் நிறுவனங்கள் தள்ளாடின. 1940 ஜூனில் லா கார்டியா நகர அரசின் சார்பில் இரண்டு நிறுவனங்களையும் சுமார் 32.6 கோடி டாலருக்கு வாங்கி, நகரம் ஏற்கெனவே நடத்திவந்த பாதையோடு சேர்த்துவிட்டார். இன்றைய நியூயார்க் சப்வே ஒரே அமைப்பாக இருப்பது அதனால்தான். நிக்கலை அவர் பதவி முடியும்வரை விடவில்லை. பற்றாக்குறையை நகர வரி தாங்கியது. வேலையில்லாதவர்களுக்கு நிவாரணம் கொடுக்க 1934 கடைசியில் கொண்டுவந்த 2 சதவீத விற்பனை வரியை ஏழைகளும்தான் கட்டினார்கள், அதையும் சொல்லணும்.

இதற்கிடையில் சபையே மாறியது. 1936-ல் மக்கள் ஏற்றுக்கொண்ட புதிய சாசனப்படி, டாமனியின் கோட்டையாக இருந்த பழைய ஆல்டர்மென் சபை கலைக்கப்பட்டு, 1938 ஜனவரியில் நகர கவுன்சில் வந்தது. வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் என்ற முறையால் சிறிய கட்சிகளும் உள்ளே வந்தன. விகித முறை நீடித்தது பத்தாண்டுகூட இல்லை. 1947-ல் வாக்கெடுப்பு நடத்தி எடுத்துவிட்டார்கள்.

திரை விழுந்த தியேட்டர்கள்

பர்லெஸ்க் என்பது கோமாளி நகைச்சுவையும் ஆடை களையும் நடனமும் கலந்த மேடை நிகழ்ச்சி. மின்ஸ்கி சகோதரர்களின் அரங்குகள் இதில் பிரபலம். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்கள் மலிவு டிக்கெட்டில் போய் உட்கார்ந்த இடம். மேயருக்கு இது பிடிக்காது. சர்ச் தலைவர்களும் அழுத்தம் கொடுத்தார்கள்.

ஆபாசம் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம், நேரமும் ஆகும். லைசென்ஸ் கமிஷனர் பால் மாஸ் எளிய வழி பிடித்தார். தியேட்டர் லைசென்ஸ் வருடா வருடம் புதுப்பிக்கணும். 1937 மே மாதம் நகரின் 14 பர்லெஸ்க் அரங்குகளுக்குப் புதுப்பித்துத் தரவில்லை. அவ்ளோதான். ஒரே நாளில் நடிகர்கள், இசைக்குழு, டிக்கெட் கிழிப்பவர் எல்லோருக்கும் வேலை போச்சு. பிறகு சிலவற்றைத் திறக்க விட்டார்கள், ஆனால் பெயர்ப்பலகையில் பர்லெஸ்க் என்ற சொல்லோ மின்ஸ்கி என்ற பெயரோ வரக்கூடாது என்பது நிபந்தனை. 1942-ல் மொத்தமாகவே மூடியாச்சு.

நடன விடுதிகளுக்கு 1926-லேயே, வாக்கர் காலத்தில், காபரே சட்டம் வந்திருந்தது. லா கார்டியா ஆட்சியில் 1940 முதல் அங்கு வேலை செய்கிற ஒவ்வொருவரும் போலீஸிடம் கைரேகை கொடுத்து அட்டை வாங்கணும் என்றானது. குற்ற வழக்கு இருந்தால் அட்டை பறிபோகும். அட்டை இல்லாவிட்டால் பாட முடியாது. பிற்காலத்தில் பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் போன்ற ஜாஸ் மேதைகள் நியூயார்க் கிளப்களில் வருடக்கணக்கில் மேடையேற முடியாமல் போனதற்கு இந்த அட்டைதான் காரணம்.

இதில் இனமும் கலந்திருந்தது. ஹார்லெமின் சவாய் பால்ரூம், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய அபூர்வ இடம். 1943 ஏப்ரலில், அங்கே விபச்சாரம் நடக்கிறது என்று சொல்லி ஆறு மாதம் மூடினார்கள். உண்மையான காரணம் அந்தக் கலப்பு நடனம்தான் என்று ஹார்லெமில் பலரும் நம்பினார்கள். அதே ஆகஸ்ட் மாதம் ஒரு கறுப்பின ராணுவ வீரரைப் போலீஸ் சுட, ஹார்லெமில் கலவரம் வெடித்தது. மேயர் இரவோடு இரவாகத் தெருவில் இறங்கி, ரேடியோவில் பேசி, அடக்குவதில் நிதானம் காட்டினார் என்று பாராட்டு கிடைத்தது. சவாய் மூடியபோது சேர்ந்த கசப்பு அந்தப் பாராட்டில் கரையவில்லை.

பின்பால் தடை 1942 ஜனவரியில். மிட்டாய்க்கடைகளில் இருந்த மெஷின்கள் பள்ளிப் பிள்ளைகளின் காசைப் பறிக்கின்றன, பின்னால் மாஃபியா இருக்கிறது என்பது மேயரின் வாதம். போலீஸ் சோதனை போட்டு ஆயிரக்கணக்கில் அள்ளியது. மறுபடி சம்மட்டி, மறுபடி கேமரா. உலோகம் போர்த் தேவைக்குப் போனது, மரக்கால்களைப் போலீஸ் தடிகளாகச் செதுக்கினார்கள். நியாயமாகச் சொன்னால், அன்றைய பின்பாலில் பந்தைத் தட்டிவிடும் ஃபிளிப்பர் கிடையாது. பந்து விழுவது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஃபிளிப்பர் வந்தது 1947-ல், அவர் இறந்த வருடம்.

கடைசி நாட்கள்

1945 ஜூலையில் பேப்பர் போடுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, பிள்ளைகள் படக்கதை படிக்க முடியாமல் போனது. மேயர் நகர வானொலியில் உட்கார்ந்து, குரலை மாற்றி மாற்றிப் படக்கதையைப் படித்துக் காட்டினார். நியூயார்க்கர்கள் இன்றும் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். நான்காவது முறை அவர் போட்டியிடவில்லை.

1946-ல் ஐ.நா.வின் நிவாரண, மறுவாழ்வு அமைப்புக்குத் தலைவர். போரில் வீடிழந்த லட்சக்கணக்கானவர்களுக்கு உணவும் உதவியும் அனுப்புகிற பொறுப்பு. அவருடைய சொந்த அக்கா ஜெம்மா, நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்து பெர்லினில் அகதியாக இருந்தார். தம்பி பணம் அனுப்பினார், ஆனால் வரிசையைத் தாண்டி அவரைக் கொண்டுவர மறுத்தார். 1947-ல் ஜெம்மா நியூயார்க் வந்து சேர்ந்து சில மாதங்களில், செப்டம்பர் 20 அன்று, கணையப் புற்றுநோயால் லா கார்டியா இறந்தார். வயது 64. விட்டுச்சென்றது அடமானத்தில் இருந்த ஒரு வீடும் 8,000 டாலர் போர்க்கால பத்திரங்களும்.

அடுத்த ஆண்டு ஜூலை 1-ல் சப்வே கட்டணம் 10 சென்ட் ஆனது. காபரே அட்டை 1967-ல் போனது. இசைப்பெட்டித் தடையை 1975-ல் எடுத்தார்கள். காபரே சட்டம் 2017 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. பின்பாலுக்கு விடுதலை 1976-ல். ராஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகர கவுன்சில் குழு முன்னால் மெஷினில் ஆடிக் காட்டினார். பந்தை எந்த வழியில் விடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, விசையை இழுத்து விட்டார். பந்து சொன்ன வழியிலேயே போனது. உறுப்பினர்கள் போதும் என்று சொல்லி, தடையை நீக்கச் சம்மதித்தார்கள்.